மூன்றடி ஆச்சா மரம்

என் வீட்டு வாசல் நிலை ஆச்சா மரம். நான்கு சட்டமும் ஒரே உத்தரத்தில் அறுத்தது. வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி மரம் இப்ப எங்க கிடைக்குது?" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை.

அதில் மூன்றடி என்னுடையது இல்லை. நாதஸ்வரம் வாசிக்கிற ஒரு நாயனக்காரருக்குச் சேர வேண்டியது.

காரைக்குடியில் அவரைத் தெரியாதவர்கள் அப்போது குறைவு. யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி நல்லதுதான் சொல்வார்கள். நானும் நல்லதுதான் சொல்வேன். ஆனால் நான் சொல்வதானால் இந்த மரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் இத்தனை வருசம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

நான் தச்சு வேலை. அவர் வீடும் என் வீடும் ஒரே சந்தில். நடுவில் ஒரு கிணறு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னை ஆசாரி என்பார்.

அவருக்கு நான்கு பெண்பிள்ளைகள். அவர் மனைவியை மதினி என்பேன். மதினிக்கு வலது கை மணிக்கட்டு ஒரு தடவை ஒடிந்து சரியாகக் கூடவில்லை. அதனால் காலையில் நான்கு பேருக்கும் தலை பின்னி விடுவது அவர்தான். வாசலில் வரிசையாக உட்கார வைத்துக்கொள்வார். நாயனத்தில் செருகுகிற சீவாளியை வாயில் ஊறப் போட்டிருப்பார். ஆகவே பேச முடியாது. 'ம்', 'ம்ம்' என்று முனகியே நான்கு பேரையும் திரும்ப வைப்பார், குனிய வைப்பார்.

கிணற்றடியில் பொம்பளைகள் விடமாட்டார்கள்.

"என்ன நாயனம், இன்னைக்கு எட்டுச் சடையும் முடிஞ்சிருச்சா? அப்படியே எங்களுக்கும் பின்னி விடுறது!"

சீவாளியை எடுத்துவிட்டுச் சொல்வார். "ஒங்க தலையில பேன் இருக்கு ஆத்தா. என் விரலு நாளைக்குத் தாளம் தப்பிரும்."

கல்யாணத்துக்கு வாசிக்கப் போனால் அங்கே கொடுக்கிற பழம், லட்டு, முறுக்கு எல்லாம் துண்டில் முடிந்து வரும். அவர் வாயில் ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஐந்து பங்கு. ஆறாவது பங்கு என் பிள்ளைகளுக்கு. "ஆசாரி வீட்டுப் பங்கு" என்று பெரிய மகள் கொண்டுவந்து கொடுப்பாள்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தேங்காய், குடம், பூசணிக்காய், பிள்ளைகள் மண்டை. தட்டிவிட்டு 'இது ச', 'இது ப' என்று சுரம் சொல்வார். சந்தையில் பானைக்காரி ஒருத்தி, "பானை வாங்க வந்தீகளா, கச்சேரி பண்ண வந்தீகளா?" என்று பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு பானையைத் தட்டி, பதின்மூன்றாவதை வாங்கினார். அது அவர் வீட்டில் ரொம்ப நாள் உடையாமல் இருந்தது.

அறுபதுகளில் அவர் வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது அப்பன் வாசித்த நாயனம் மூத்தவருக்குப் போய்விட்டது. இவர் இரவல் நாயனத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இரவல் நாயனம் இரவல் சட்டை மாதிரி ஆசாரி. கையை நீட்டுறப்ப தெரிஞ்சு போகும்."

அப்போதுதான் கோயில் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்துக் கோயிலில் வழக்கமாக வாசித்தவர் வயதாகி மகன் வீட்டோடு போய்விட்டார். கோயில்காரர்கள் இவரைக் கூப்பிட்டு, வருகிற தேருக்கு நீ வாசி, பார்ப்போம் என்றார்கள். அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். தேர் நன்றாக நடந்தால் கோயில் மேளம் அவருக்கு. இரண்டு வேளை பூசைக்கு வாசித்தால் போதும். இருக்க வீடு, பொங்க அரிசி.

"நாலு பொண்ண வச்சுக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா ஏறி இறங்க வேண்டாம்யா. ராத்திரி சோத்துக்கு வீட்ல இருப்பேன். ஆனா சாமி முன்னால இரவல்ல ஊத முடியாது. ஒரு மரம் பாரு" என்றார்.

நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் புதிதாக வெட்டின மரம் ஆகாது. பழைய வீட்டில் உத்தரமாகவோ தூணாகவோ இரண்டு தலைமுறை கிடந்த மரமாக இருக்க வேண்டும். அதற்குள் அது சுருங்கி விரிந்து ஆடுகிற ஆட்டமெல்லாம் ஆடி அடங்கியிருக்கும். இளமரத்தில் துளை போட்டால் பிறகுதான் ஆடும். கீறும். இது தச்சனுக்குத் தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டைப் பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. முன்கட்டெல்லாம் பர்மாத் தேக்கு. பின்கட்டு அதற்கும் முந்தியது. அடுப்படிக்கு மேலே ஒரு உத்தரம், கன்னங்கரேல் என்று இருந்தது. இறக்கி ஓர் ஓரம் சீவிப் பார்த்தேன். ஆச்சா. அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "கரிப்பிடிச்ச கட்டைதானே, எடுத்துக்கிட்டுப் போங்க ஆசாரி" என்றார்கள்.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே சைக்கிளில் வந்துவிட்டார். உத்தரத்தின் பக்கத்தில் குந்தி, ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். காதை மரத்தில் வைத்தார். ஓரிடத்தில் நின்றார். மறுபடி தட்டினார்.

"இந்த எடம்யா. இங்குட்டுத்தான் பேசுது."

வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்து மரத்தில் இரண்டு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கோடு மூன்றடி.

"இத வேற யாருக்கும் குடுத்துராத."

"ஒங்களுக்குத்தாண்ணே. வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

நான் சொன்ன வார்த்தை அது.

அந்த வருசம் நான் குடிசையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். சுவர் பாதி எழும்பியிருந்தது. வாசலில் சாக்குப் படுதா. மனைவியின் தம்பி வந்தவன் அதை விலக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது சிரித்தான்.

"ஊருக்கெல்லாம் நிலை செஞ்சு குடுக்குற அத்தான் வீட்டுல சாக்கு தொங்குது. நல்ல வேலை, நல்ல ஆசாரி!"

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்குத் தைத்தது.

உத்தரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தேன். அளந்து பார்த்தேன். சுவருக்குள் இருந்த முனை செல்லரித்திருந்தது. அதைத் தள்ளிவிட்டால் மீதி ஒரு நிலைக்குச் சரியாக இருந்தது. துண்டு மிஞ்சாது. அண்ணனின் மூன்றடியை எடுத்தால் மேல்சட்டத்துக்கு வேறு மரம் தேட வேண்டும். நிலைக்கு மரம் கலக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். கலந்தால் அந்த வீட்டில் இரண்டு மனசு என்பார்கள். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தவர் வீடுகளில் வேம்பையும் தேக்கையும் கலந்து எத்தனையோ நிலை செய்து மாட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் வழக்கம் நினைவுக்கு வந்ததில்லை.

இரண்டு நாள் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் இழைப்புளியை எடுத்துச் சுண்ணாம்புக் கோட்டைச் சீவினேன்.

ஆத்தங்குடியில் ஒரு வண்டிக் கொட்டகை வேலையில் மிஞ்சிய ஆச்சாத் துண்டு என்னிடம் கிடந்தது. வெட்டி ஐந்தாறு வருசம்கூட இருக்காது. அதில் மூன்றடி அறுத்தேன். இலுப்பை எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்துத் தேய்த்தேன். வெயிலில் காய வைத்து மறுபடி தேய்த்தேன். கடைசியில் இரண்டு முனையிலும் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினேன். அவர் போட்ட கோட்டில்தான் அறுத்தது என்று தெரிய வேண்டுமே.

நாயனம் செய்கிறவர் தஞ்சாவூர்ப் பக்கம். அண்ணன் அங்கே போக பஸ் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாக்கில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கியிருந்தேன். அவர் வழக்கம் போல முட்டியை மடக்கித் தட்டினார். சாக்கின் மேல் தட்டினால் சத்தம் வராது. அதற்காகத்தான் சாக்கு.

"பிரிச்சுக் காட்டவாண்ணே?" என்று நானே கேட்டேன்.

"நீ பாத்துட்டேல்ல? போதும்யா" என்று ஏறிவிட்டார்.

திரும்பி வந்ததும் என் பட்டறைக்குத்தான் வந்தார். சிரித்துக்கொண்டே கதை சொன்னார்.

"அங்க பிரிச்சுத் தட்டிப் பாத்தேன் ஆசாரி. அன்னைக்கு மாதிரி பேசல. பஸ்ஸுக் காத்து அடிச்சு எனக்குக் காது அடைச்சுப் போச்சு. அந்த ஆளு என்னடான்னா, மரம் இளசு மாதிரி தெரியுதேன்னு இழுக்குறான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். யோவ், இது எங்க ஆசாரி குடுத்த மரம். இந்தா பாரு, நான் போட்ட சுண்ணாம்பு. நீ துளையப் போடுய்யான்னேன்."

நான் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"என்னய்யா, சிரிக்கக்கூட மாட்டேங்குற?"

"சிரிக்கிறேண்ணே" என்றேன்.

நாயனம் வந்தது. நன்றாகத்தான் பேசியது. விடிந்ததும் ஊருணிக் கரையில் நின்று வாசிப்பார். நான் படுத்தபடி கேட்பேன். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ என்றுகூட நினைத்தேன். அவர் போய்க் கேட்காமலே ஒரு கல்யாண வீட்டில் கூப்பிட்டார்கள், இரண்டாவதும் கூப்பிட்டார்கள். மாசி போய் பங்குனி வந்தது. வெயில் ஏறியது. ஒரு நாள் காலையில் ஊருணிப் பக்கம் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். மேல் துளைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல். அவர் தேன்மெழுகை உருக்கி அதில் விட்டுக்கொண்டிருந்தார்.

"தேரு வரைக்கும் தாங்கும்ல?" என்று என்னைக் கேட்டார். மரம் தெரிந்தவன் என்று.

"தாங்கும்ணே" என்றேன்.

அப்போது சொல்லியிருந்தால் அவர் எங்கேயாவது ஒரு நல்ல நாயனம் இரவல் வாங்கியிருப்பார். இரவலோ என்னவோ, தேர் நடந்திருக்கும். நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

தேரன்று எனக்கும் வேலை உண்டு. சக்கரத்துக்குக் கட்டை போடுவது தச்சர்கள். தேர் ஓடும்போதும் நிற்கும்போதும் சக்கரத்தை விட்டு நகரக் கூடாது. கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பத்தடி முன்னால் அவர். புது வேட்டி, சந்தனப் பொட்டு. மதினியும் நான்கு பெண்களும் எதிர்வரிசையில். அன்று அந்தப் பிள்ளைகளுக்கு எட்டுச் சடையிலும் கதம்பம்.

சாமி புறப்படுமுன் மல்லாரி வாசிக்க வேண்டும். ஆரம்பித்தார். நன்றாகத்தான் எடுத்தார். கூட்டம் அடங்கியது. மேலே போகப் போக மூச்சைக் கொடுத்தார். உச்சி வெயிலில் மெழுகு இளகியிருக்க வேண்டும். படக்கென்று சத்தம் இறங்கியது. அதற்கப்புறம் காற்றுத்தான் வந்தது. அவர் விடவில்லை. கன்னம் புடைக்க ஊதினார். தவுல்காரர் அடிப்பதை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"அடுப்பு ஊதுறாருடோய்!"

சிரிப்பு. பொம்பளைகள்கூடச் சிரித்தார்கள். அவர் நாயனத்தைக் கீழே இறக்கினார். சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பக்கத்தில் துணை நாயனமாக நின்ற வெளியூர்க்காரரிடம், "நீங்க வாசிங்க" என்றார். ஓரமாக நகர்ந்து நின்றார். கடைசி மகள் கூட்டத்துக்குள் நுழைந்து ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

தேரை இழுத்தார்கள். நான் கட்டையை எடுத்தேன்.

கோயில் மேளம் அந்த வெளியூர்க்காரருக்குப் போனது.

கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே பதில் சொன்னார். "அடுப்பங்கரையில சூடு படுற எடத்துல வச்சுட்டேன். என் புத்தி." மதினி, "நீங்க எங்க அங்க வச்சீக?" என்பாள். "நீ சும்மா இரு" என்பார். என்னிடமும் வந்தார்.

"நீ பாடுபட்டுக் கொண்டாந்த மரம்யா. நான் கெடுத்துப்புட்டேன். மனசுல வச்சுக்கிறாத."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான், "விடுங்கண்ணே" என்றேன்.

அறுத்த நிலையை வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்தேன். ஒரு வருசம் எடுக்க மனம் வரவில்லை. சுவர் அப்படியே நின்றது. மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். கடைசியில் நாள் பார்த்தேன். நிலை வைக்கும்போது மேளம் வேண்டும். ஒரே சந்தில் அவர் இருக்க, வேறு ஆளைக் கூப்பிட முடியுமா? கூப்பிட்டேன். அந்தக் கீறல் விழுந்த நாயனத்தோடுதான் வந்தார். புதிதாக மெழுகு வைத்து நூல் சுற்றியிருந்தார்.

நிலை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தரையில் கிடந்தது. கரியெல்லாம் போய்ச் செம்பழுப்பாக மின்னியது. எல்லாரும் வேலையைப் பாராட்டினார்கள். அவரும் குனிந்தார். முட்டியை மடக்கி மேல்சட்டத்தைத் தட்டினார்.

கை அப்படியே நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை தட்டினார்.

நான் காத்திருந்தேன். 'ச' என்றோ 'ப' என்றோ சொல்வார். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மஞ்சள் பட்ட விரலை வேட்டியில் துடைத்தார்.

நிலையைத் தூக்க ஆள் போதவில்லை. கொத்தனார், "ஒரு கை குடுங்கய்யா" என்று குரல் கொடுத்தார். அண்ணன் நாயனத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, மேல்சட்டத்தைத் தோளில் வாங்கித் தூக்கிவிட்டார். நிலை நின்றது. பிறகு போய் நாயனத்தை எடுத்து வாசித்தார். அடக்கி வாசித்தார், கீறல் தெரியாதபடி. மனைவி தாம்பாளத்தில் வெற்றிலை பழம் கொடுத்தபோது, "வீடு நல்லா இருக்கட்டும்மா" என்றார்.

அதன் பிறகும் அவர் மாறவில்லை. கல்யாணத்துக்குப் போய் வந்தால் ஆறாவது பங்கு வந்தது. என் பிள்ளைகள் தின்றார்கள். வழியில் கண்டால், "என்ன ஆசாரி, சாப்டியா?" என்பார். ஒன்று மட்டும். என் முன்னால் அவர் எதையும் தட்டிப் பார்த்து அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

எழுபதுகளில் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். எல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கி வாசித்துத்தான். ஒக்கூர், சிவகங்கை, எங்கெங்கோ. சிறிய வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் போனார். பனியிலும் மழையிலும் போய் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு வாங்கியது. அப்போதும் கடைசி மகளுக்குப் படுத்தபடியே தலை பின்னி விட்டார். அவளுக்கு அப்போது பதினேழு வயது. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை போனேன். முதல் தடவை ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை யாரும் இல்லை, விழித்துத்தான் இருந்தார். "அண்ணே" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்ல ரொம்ப நேரம் இடம் கொடுத்தார். நான், "கட்டில் ஆடுதே, காலுக்கு ஆப்பு வச்சுத் தரவா?" என்றேன்.

"வையி" என்றார்.

ஐப்பசி மழையில் போய்விட்டார். ஊரே வந்தது. 'அடுப்பு ஊதுறாரு' என்று கத்தினவனும் வந்து அழுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மதினி கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். துணியில் சுற்றின நாயனத்தைக் கையில் கொடுத்தாள்.

"தம்பி, இத ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காக."

"எனக்கு எதுக்கு மதினி?"

"'மரம் ஆசாரி குடுத்தது, அவன்கிட்டயே போகட்டும்'னாக. வேற ஒண்ணும் சொல்லல. ஒங்க மேல அம்புட்டுப் பிரியம் அவுகளுக்கு."

துணிக்குள் நூல் சுற்றின இடம் கைக்குத் தட்டுப்பட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மதினி, இது அவுக கேட்ட மரம் இல்ல. அது என் வீட்டு நிலையில இருக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கோடு, கரி, சாக்கு எல்லாம் சொன்னேன். கடைசி மகள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

மதினி அழவில்லை. கேட்டாள்.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நிலை வச்ச அன்னைக்கு."

"அதுக்கப்புறமுமா ஒங்க வீட்டுக்குப் பழம் குடுத்து விட்டாக?"



"நிலையப் பேத்து, அந்த மரத்தத் தந்துர்றேன் மதினி."

"எதுக்கு? ஊதுறவுக எங்க இருக்காக?"

ஒடிந்து கூடாத அந்தக் கையை நீட்டினாள்.

"குடுங்க. இத ஊதித்தான் எம்பிள்ளைகளுக்குச் சோறு போட்டாக. இது எங்க வீட்டுல இருக்கட்டும்."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே முறத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதவு, கட்டில் எது பழுதானாலும் வேறு ஆசாரி வந்தார். நான் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றேன். மனைவி உள்ளேயிருந்து, "ஏன் வெளியவே நிக்கிறீக?" என்றாள். முட்டியை மடக்கி மேல்சட்டத்தைத் தட்டினேன். அவர் தட்டின இடம் தெரியும். எனக்குச் சுரம் தெரியாது. கட்டைச் சத்தம்தான் கேட்டது.

குனிந்து உள்ளே போனேன்.